கண்ணாடிக் கடலும் பூச்சியம் என்ற மயக்கமும்

பொஸ்பேற்று என்ற சொல்லை நான் முதன்முதலாக எழுதியது எப்பாவல பற்றிய செய்தியொன்றில்தான். அநுராதபுர மாவட்டத்தில் 1971 இல் கண்டறியப்பட்ட அந்தப் பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கூட்டுடன் தோண்டியெடுக்க அரசு முனைந்ததும், அவ்வூர் விவசாயிகள் வழக்காடி 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் அதனைத் தடுத்ததும் எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு மறக்க முடியாதவை. அன்று எனக்கு அது ஒரு பசளையின் பெயர் மட்டுமே. அந்தச் சொல்லுக்குக் கடலுடனும் ஒரு கணக்கு உண்டு என்பதை 2018 ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனில் என் தங்கை வீட்டு முன்னறையில் இருந்த 300 லீற்றர் கண்ணாடித் தொட்டியின் முன் நின்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத்தக்கதன்று.

தொட்டி என் மருமகனுடையது. அதில் மீன்கள் சில. முக்கியமாக இருந்தவை பவள உயிரிகள். எங்கள் ஊரில் முருகைக்கல் என்று சொல்லிச் சுவர் வைத்தோமே, அதைக் கட்டும் உயிர்களின் இனம். கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா ஒன்பது துண்டுகள் இருந்தன. எல்லாம் பிற வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் வெட்டிப் பதியம் வைக்கப்பட்டவை. கல்லிடுக்கில் வெண்புள்ளிகளுடன் கூடிய இரத்தச் சிவப்பு இறால் ஒன்று ஒளிந்திருந்தது. அது இலங்கைக் கடலிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னாராம். நம்பக்கூடிய செய்திதான். அவ்வகை இறாலும் அலங்கார மீன்களும் நம் தீவிலிருந்து நெடுங்காலமாக ஏற்றுமதியாகின்றன. அந்நிய நாட்டில் ஊரவர் ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு.

குடும்பம் பதினாறு நாள்கள் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டது. என் கடவுச்சீட்டுக்கு அங்கெல்லாம் விசா கிடையாது. ஆகவே வீட்டுக் காவல் என் பொறுப்பாயிற்று.

"மாமா, நீங்கள் வேறொண்டும் செய்ய வேண்டாம். காலமை ஒரு சிட்டிகை சாப்பாடு போட்டால் காணும்," என்றான் மருமகன்.

ஒரு சிட்டிகை! பந்தியில் இலைக்கு முன் இருப்பவர் கைமறித்த பின்னும் ஓர் அகப்பை சோறு வைக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். மீன்கள் கண்ணாடியோரம் வந்து வாய் திறந்து நின்றன. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், இரவு நான் உண்ணுமுன் ஒரு தரம் எனப் போட்டேன். மூன்று வேளையும் மீன்கள் உண்டன. நான் பெருமிதத்துடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் திரும்பி வந்தபோது கற்களின்மீது பழுப்பு நிறப் பாசி மயிர்போல் முளைத்திருந்தது. நீரைக் குழாயில் எடுத்து, பொடி கலந்து, சிறிய நிறமானி ஒன்றில் வைத்தான். புறப்படுமுன் லீற்றருக்கு 0.06 மில்லிகிராமாக இருந்த பொஸ்பேற்று 0.41 ஆகியிருந்தது. என்னை அவன் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அந்த மௌனம்தான் சுட்டது.

நடந்தது என்ன என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உலர்ந்த மீனுணவில் நூற்றில் ஒரு பங்களவு பொஸ்பரசு என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3 கிராம் உணவு போட்டால் 30 மில்லிகிராம் பொஸ்பரசு. அது பொஸ்பேற்றாக மாறும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு நிறை, அதாவது 92 மில்லிகிராம். 300 லீற்றருக்கு இதனைப் பங்கிட்டால் லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். வெளியேறும் வழி எதுவுமில்லையெனில் ஒரே நாளின் உணவு இவ்வளவையும் சேர்த்துவிடும். பவளப்பாறைகளைச் சூழ்ந்த மேற்பரப்புக் கடல்நீரில் இருப்பதோ பெரும்பாலும் 0.03 இற்கும் குறைவு. வளர்ந்த மீனின் உடலில் தங்குவது சிறு பங்கே. மற்றதெல்லாம் நீருக்கே திரும்புகிறது.

நைதரசன் கழிவுக்கு ஒரு வாசல் உண்டு. ஒட்சிசன் குறைந்த கல்லிடுக்குகளில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பொஸ்பரசுக்கு அந்த வாசல் இல்லை. உள்ளே வந்தது பாசியாகவோ நுரையாகவோ, வேறெதனுடனாவது ஒட்டிக்கொண்டோ மனிதக் கையால் வெளியே எடுக்கப்படும்வரை உள்ளேயே கிடக்கும். அதன் ஒரு பங்கு சுண்ணாம்புக் கற்களின்மீதும் மணலின்மீதும் படிந்து ஒளிந்துகொள்ளும். நீரில் குறையும்போது கல் தன் கையிருப்பை மெல்ல வெளிவிடும். பத்து வீதம் நீரை மாற்றினால் பத்து வீதம் குறைய வேண்டிய அளவு, இரண்டு நாள்களில் மீண்டும் பழைய இடத்துக்கு வந்து நிற்பது இதனால்தான்.

பொஸ்பேற்று மிகுதியானால் தீங்கு என்பது வெறும் பயமுறுத்தல் அன்று. சுண்ணாம்புப் படிகம் வளரும் முகப்பில் அது ஒட்டிக்கொண்டு மேலும் படிவதற்குத் தடையாகிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வன் ட்ரீ தீவருகே 1993 முதல் 1996 வரை 'என்கோர்' என்ற பெயரில் ஆய்வொன்று நடந்தது. சிறு பவளத்திட்டுகளுக்கு வேண்டுமென்றே நைதரசனும் பொஸ்பரசும் ஊட்டிப் பார்த்தார்கள். பொஸ்பரசு பெற்ற பவளங்கள் நீளத்தில் விரைவாக வளர்ந்தன. ஆனால் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்து எளிதில் உடையக்கூடியனவாயின. ஆகவே என் மருமகனின் அச்சம் நியாயமானது.

நியாயமற்றது அடுத்து அவன் செய்ததே. இரும்பு ஒட்சைட்டுக் குறுணி என்ற செந்நிறப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை அகற்றுவதற்காகப் பயன்படுத்தப்படும் அதே வகைப் பொருள். நீர் அதனூடே செல்லும்போது பொஸ்பேற்று அதில் ஒட்டிக்கொள்ளும். பொதியுறையில் எழுதியிருந்ததற்கு இரு மடங்கு குறுணியை அவன் இட்டான். நான்காம் நாள் நிறமானி 0.00 என்று காட்டியது. "பூச்சியம் மாமா!" என்று அவன் கூவியது இன்றும் காதில் இருக்கிறது. அன்றிரவு என் குற்றவுணர்வும் சற்றே தணிந்தது.

ஒரு கிழமை கழியுமுன் அக்ரோபோரா ஒன்றின் அடிப்பகுதியில் வெள்ளை வளையம் தோன்றியது. அது நோயற்ற வெண்மை அன்று. இழையம் உரிந்து எலும்பு தெரிந்த வெண்மை. மறுநாள் இன்னொன்று. மற்றவை நிறம் வெளுத்தன. பதினெட்டு நாள்களில் ஒன்பதில் ஐந்து போயின. வேடிக்கை என்னவென்றால், யாருக்கு எதிராக இந்தப் போர் தொடங்கியதோ அந்தப் பாசி அப்போதும் கல்லின்மீது செழித்திருந்தது. கல் தன் கையிருப்பிலிருந்து அதற்குப் படியளந்துகொண்டிருந்தது.

மருமகன் நாள்தோறும் அளவுகளைக் குறித்துவைக்கும் பழக்கமுடையவன். அந்தக் குறிப்பேட்டைப் பிழைதிருத்தும் கண்ணுடன் படித்தேன். பொஸ்பேற்று 0.41 ஆக நின்ற நாள்களில் பவளங்கள் சற்று மங்கி இருந்தன. ஆனால் உயிருடன் இருந்தன. அவை செத்தது பூச்சியத்துக்குப் பிறகு. அந்நாள்களில் நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமில் அப்படியே நின்றது. விளக்குகளும் முழு ஒளியில் எரிந்தன.

இந்த நிலைமைக்கு விளக்கம் தேடியபோது கிடைத்தது சவுதாம்டன் பல்கலைக்கழகப் பவள ஆய்வுகூடத்தின் பணி. யோர்க் வீடன்மன், சிசிலியா டி ஆஞ்சலோ ஆகியோர் குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு கூறுவது இது: நைதரசன் மிகுந்து பொஸ்பேற்று பற்றாதுபோகும் நிலையில், பவளம் வெப்பத்தாலும் ஒளியாலும் வெளிறுவதற்கு எளிதில் இலக்காகிறது. பவளத்தின் இழையத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சமைத்துப் போடுகிறது. நைதரசன் தாராளமாகக் கிடைக்கும்போது அந்நுண்பாசி பெருக முற்படும். பெருகுவதற்குப் பொஸ்பரசு வேண்டும். அது இல்லையெனில் அதன் உயிரணுச் சவ்வுகளின் அமைப்பே பழுதாகும். பழுதானது ஒளியைத் தாங்காது. அதே ஆய்வுகூடம் 2017 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இப்பற்றாக்குறையை மேலும் தெளிவாகக் காட்டியது. ஆக, பொஸ்பேற்று எந்தப் பவளத்துக்குப் பகை என்று சொல்லப்பட்டதோ, அந்தப் பவளத்துக்கே அது உணவுமாகும்.

குற்றத்தின் தொடக்கம் என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் மிகுதியைவிட, மிகுதியை ஒரே மூச்சில் பூச்சியமாக்கிய அவசரமே கொன்றது என்பது என் கருத்து. இதைச் சொல்லும்போது நம் நாட்டின் அண்மைக்காலக் கதையொன்று நினைவுக்கு வராமல் இராது. வயலிலிருந்து வழிந்தோடும் பசளை குளங்களையும் கடலோரத்தையும் கெடுக்கிறது என்பது உண்மையான குறை. அதற்குத் தீர்வென்று 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி முழுவதையும் ஒரே வர்த்தமானியில் அரசு தடைசெய்தது. நவம்பரில் தடை நீக்கப்படுமுன் காலம் கடந்துவிட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது, தேயிலையும் அடிபட்டது. நோயை அறிந்திருந்தார்கள். மருந்தின் வேகத்தை அறியவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பே, லண்டன் முன்னறையில், 300 லீற்றர் அளவில் அந்தக் காட்சியை நான் பார்த்துவிட்டேன்.

நிறமானி காட்டிய பூச்சியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணை அச்சிடுமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கைக்கடக்கமான இத்தகைய கருவிகளின் பிழை எல்லை அவற்றின் கையேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். கூட்டியோ குறைத்தோ 0.02, சிலவற்றில் 0.04. எனவே 0.00 என்று காட்டினால் 0.03 ஆகவும் இருக்கலாம், உண்மையிலேயே வறண்டும் இருக்கலாம். பவளத்தின் உயிர் தொங்குவது சரியாக அந்த இடைவெளியில். இதற்கு மறுபக்கமும் உண்டு. பாசி தழைத்த தொட்டியில் நீரை அளந்தால் பொஸ்பேற்று இல்லையென்று வரும். ஏனெனில் அது நீரில் இல்லை, பாசிக்குள் இருக்கிறது. எண் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? அதன்பின் மருமகன் கைக்கொண்ட முறையையும், பலரைக் கேட்டும் படித்தும் நான் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் வாசலைக் காக்க வேண்டும். பிரித்தானியாவில் பெரும்பாலான குழாய்நீரில் பொஸ்பேற்று வேண்டுமென்றே கலக்கப்படுகிறது. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் அது படலமாகப் படிந்து ஈயம் நீரில் கரையாமல் தடுக்கும். ரொறன்ரோ மாநகரமும் 2014 முதல் இதைச் செய்கிறது. அதே 2014 இல் அமெரிக்காவின் பிளின்ற் நகரம் ஆற்றுநீருக்கு மாறியபோது இத்தகைய காப்பு சேர்க்கப்படாமற் போய், ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறிய அவலத்தை உலகம் அறியும். குழந்தையைக் காக்கும் அதே பொருள் பவளத் தொட்டிக்கு மிகுதியாகிறது. எனவே குழாய்நீரை நேரே ஊற்றாமல் ஆர்.ஓ. கருவியில் வடித்தே பயன்படுத்த வேண்டும். நம் வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய்க்கு அஞ்சி ஊர்தோறும் அமைத்தார்களே, அதே வகைக் கருவிதான்.

இரண்டாவது உணவு. உறைந்த உணவைக் கரைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பொஸ்பரசின் பெரும்பகுதி தசைக்குள் இருக்கிறது. கழுவுவதால் கிடைப்பது பெரும்பாலும் மனஆறுதல். அளவைக் குறைப்பதே வழி. ஆனால் மீனைப் பட்டினி போட்டு நீரைச் சுத்தமாக்குவதும் முறையன்று. எத்தனை வாய்க்கு நம்மால் ஈடுகொடுக்க முடியுமோ அத்தனை மீனே தொட்டியில் இருக்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

மூன்றாவது, நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியேற்றுவது. நுரையுடன் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஒன்று. கீழ்த்தொட்டியில் விளக்கு வைத்து, நூற்பந்து போன்ற பச்சைப் பாசியை வளர்த்து, கிழமைக்கொரு தடவை ஒரு கைப்பிடி அறுத்து எறிவது இன்னொன்று. பிந்தியது எனக்கு மிகவும் பிடித்தது. தொல்லை தரும் பாசிக்கு ஒரு வயலை ஒதுக்கிக்கொடுத்து அங்கே அறுவடை செய்வது உழவர் வேலை. அதில் அவசரத்துக்கு இடமில்லை.

இவையெல்லாம் போதாதபோதுதான் இரும்புக் குறுணி. அதையும் சொன்ன அளவில் பாதியோ காற்பங்கோ இட்டுத் தொடங்கி, பல கிழமைகளுக்குப் பரப்பி இறக்க வேண்டும். லந்தனம் குளோரைட்டு இன்னும் கடுமையானது. நீச்சல் தடாகங்களில் பொஸ்பேற்றை வீழ்படிவாக்கப் பயன்படுவது அது. அதே உலோகத்தின் காபனேற்று உப்பைச் சிறுநீரக நோயாளருக்கு, உணவிலுள்ள பொஸ்பேற்றைக் குடலில் பிடித்துவைக்க, மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அங்கே மருத்துவர் இரத்தத்தை அளந்து அளவைத் தீர்மானிக்கிறார். இங்கே போத்தல் மூடியே அளவு!

எந்த எண்ணில் நிறுத்துவது? 0.03 இற்கும் 0.1 இற்கும் இடையில் என்பது அனுபவமுள்ள பலரின் சொல். அதற்கு மேலும் அழகாக வளர்ந்த தொட்டிகள் உண்டு. இதைக் காட்டி, பொஸ்பேற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இப்போது சிலர் மறுகோடிக்குப் போகிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. உடையும் எலும்பு உடையும் எலும்புதான். எண் எதுவாயினும் அது நாளுக்கு நாள் தாவாமல் நிற்கிறதா, நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் ஒன்றையொன்று கைவிடாமல் இருக்கின்றனவா, பவளத்தின் நிறமும் விரிவும் எப்படி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவரே நல்ல வளர்ப்பாளர்.

"பட்டினி கிடக்கும் மனிதர் இருக்க, கண்ணாடித் தொட்டிக் கடலுக்கு இத்தனை எழுத்தா?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. என் விடை இது. அந்த இறால் நம் கடலிலிருந்து ஒரு சுழியோடியின் உழைப்பால் பிடிக்கப்பட்டு, பொலித்தீன் பையில் கடல் கடந்து போனது. இலங்கையில் கடும் பவளங்களை எடுப்பதும் ஏற்றுமதி செய்வதும் சட்டவிரோதம். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் வாசல் திறந்திருக்கிறது. வாங்கியவருக்கு அதனை உயிருடன் வைத்திருக்கத் தெரியாவிட்டால் அடுத்த கிழமை இன்னொன்று பிடிக்கப்படும். தொட்டியில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் ஏதோ ஒரு கடலில் கணக்கு எழுதப்படுகிறது. ஆகவே பொஸ்பேற்றைக் கற்காமல் பவளத் தொட்டி வைப்பது பிழை என்பேன். கற்பதற்குப் பொறுமை இல்லாதவர் நன்னீர்த் தொட்டியில் நான்கு மீன் வளர்ப்பது அந்தக் கடலுக்குச் செய்யும் உபகாரம்.

எஞ்சிய நான்கு பவளங்களில் மூன்று தேறின. ஒன்று இப்போது இரு கைகளையும் விரித்தாற்போலக் கிளைவிட்டிருப்பதாக மருமகன் படம் அனுப்பியிருந்தான். செத்தவற்றின் எலும்புகளை அவன் எறியவில்லை. யன்னலோரத்தில் ஐந்தையும் வரிசையாக வைத்திருக்கிறான்.

அடுத்த முறை நான் போயிருந்தபோதும் குடும்பம் நான்கு நாள்கள் வெளியூர் சென்றது. சமையலறை மேசையில், மாத்திரைகளை நாள்வாரியாகப் போட்டுவைக்கும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று இருந்தது. என் இரத்த அழுத்த மாத்திரைகளை வைப்பதற்கென்று நினைத்துத் திறந்தேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு சிட்டிகை மீனுணவு இருந்தது. மூடியின்மேல் தமிழில் எழுதியிருந்தான்: "மாமா, ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்."

நான்கு நாளும் அப்படியே செய்தேன். மீன்கள் கண்ணாடியோரம் வந்து வாய் திறந்து நின்றபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.